கவிழ்த்து வைத்த டிரம்கள்

சமையலறைக்குள் வந்த கணவர், கேஸ் சிலிண்டரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மேலே ஒன்று, இடுப்பில் ஒன்று, அடியில் ஒன்று.

"இந்த வாரம் ஓட்டிடலாம். அதுக்கு மேல சந்தேகந்தான்."

"தினம் அடுப்பு பத்த வைக்கிறவளுக்குத் தெரியாதா? நாடி பிடிச்சுப் பார்க்கிற மாதிரி பார்க்க வந்துட்டீங்க," என்றாள் அவள்.

"சொன்னா நம்பணும். என் காது பொய் சொல்லாது."

"காது சொல்லாது. காதுக்காரர் சொல்வாரே!"

அவர் சிரித்துக்கொண்டே சட்டையை உதறி மாட்டிக்கொண்டார். அந்த வீட்டில் நடந்த கடைசி சாதாரணக் காரியம் அதுதான். பின்னாளில் அவள் எப்படி எப்படியோ யோசித்துப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு நடந்த எதையும் சாதாரணம் என்ற கணக்கில் சேர்க்க முடியவில்லை.

தொழிலில் அவருக்குப் பெயரே 'காது'தான். பழைய டிரம் வாங்கி, கழுவி, விற்கிற தொழில். ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நிற்கும் இரும்பு டிரம்மை ஒரு தட்டு தட்டினால் போதும். தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, உள்ளே துரு பிடித்திருக்கிறதா, அடியில் ஏதாவது தேங்கி நிற்கிறதா, எல்லாம் சொல்லிவிடுவார். "டாக்டருக்குப் படிக்க வேண்டிய ஆளு, டிரம் தட்ட வந்துட்டாரு" என்று தம்பி கேலி செய்வான். அந்தத் தம்பியைத்தான் வீட்டில் சின்னவன் என்பார்கள். கல்யாணம் ஆகாதவன். அண்ணன் வீட்டிலேயே சாப்பாடு, அண்ணனின் டிரம் யார்டிலேயே வேலை.

அவர்கள் தலைக்கு மேல் அப்போது கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. யார்டு இருந்த இடம் கைமாறிவிட்டது. இடத்துக்காரர் போன வாரம் நேரில் வந்து, வராத கொட்டாவியை விட்டுக்கொண்டே, "சனிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள காலி பண்ணிடுங்க. அதுக்கப்புறம் உள்ள எது இருந்தாலும் புல்டோசர்காரன் பாத்துப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே தண்ணீர்க் குழாயையும் அடைத்துவிட்டார். புது இடத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் இத்தனை டிரம்மையும் அங்கே கொண்டுபோய் அடுக்க இடமில்லை. விற்றாக வேண்டும். விற்காவிட்டால் எடைக்குப் போட வேண்டும். எடைக்குப் போட்டால் இத்தனை மாத உழைப்பும் பழைய இரும்பு.

அன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

வாரம் முழுக்க போன் ஓயவில்லை. பழைய டிரம் வாங்குகிறவர்களுக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. எடுத்த எடுப்பில் "கடைசி விலை சொல்லுங்க" என்பார்கள். விற்கிறவர் முதல் விலையையே இன்னும் சொல்லியிருக்க மாட்டார். ஒருவர், படம் அனுப்பச் சொல்லி, படத்தைப் பார்த்துவிட்டு, "நிறம் பிடிக்கலை" என்றார். இன்னொருவர் பாதி வழி வந்துவிட்டதாகச் சொல்லி, பெட்ரோல் செலவைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். வரவே இல்லை.

ஒருவர் மட்டும் நியாயம் பேசினார். "காலி டிரம்தானேங்க? உள்ள ஒண்ணுமே இல்லாததுக்கா இவ்வளவு விலை?"

"உள்ள ஒண்ணும் இல்லாம ஆக்கறதுக்குத்தான்யா விலை," என்று சொல்லி போனை வைத்தார் அவர்.

அதில் விளையாட்டு ஒன்றுமில்லை. டிரம் தொழிலில் காலி டிரம்தான் பொல்லாதது. நிறைந்த டிரம்மில் சரக்கு இருக்கிறது. காலி டிரம்மில் அதன் ஆவி இருக்கிறது. பெயின்ட் கரைக்கும் தின்னர் வந்த டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சொட்டு விடாமல் வடித்தாலும், மூடியைப் போட்டு வைத்தால் உள்ளே ஆவி அடைந்துகொண்டே இருக்கும். ஒரு பொறி பட்டால் போதும். அதனால் உள்ளே இரும்புச் சங்கிலியைப் போட்டு, சோடாக் காரமும் சுடுதண்ணீரும் ஊற்றி உருட்டி, அலசி, மறுபடி அலசித்தான் எடுப்பார்கள். அதன்பிறகு மூடியைக் கழற்றி எடுத்துவிட்டு, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார்கள்.

கழுவியது கவிழ்ந்து இருக்கும். கழுவாதது நிமிர்ந்து நிற்கும். அந்த யார்டின் சட்டம் அவ்வளவுதான். பெயின்ட்டில் குறி போடுவதில்லை, சீட்டு ஒட்டுவதில்லை. அவர், அவள், சின்னவன் மூன்று பேர்தான். மூன்று பேருக்கும் கண்ணை மூடினாலும் தெரியும்.

நாலாவதாக ஓர் ஆள் வந்து கை வைப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் லாரி வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததுமே சின்னவன் முனகினான்.

"அண்ணி, பாதிவிலை வந்தாச்சு."

அந்த வட்டாரத்தில் அவருக்கு அதுதான் பெயர். எதைக் காட்டினாலும் பாதி விலைக்குக் கேட்பார். ஆள் நல்ல மாதிரி. சிரித்த முகம், சலவைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. கூடவே இரண்டு ஆட்கள்.

"என்ன காது அண்ணே, இடத்தக் காலி பண்றீங்களாமே? கேட்டு மனசே சரியில்ல போங்க."

"மனசு சரியில்லாமதான் லாரியோட வந்தீங்களா?" என்றார் அவர்.

பாதிவிலைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வரிசைகளைக் கண்ணால் அளந்தார். சுவரோரமாகக் கழுவிய வரிசை, எல்லாம் கவிழ்ந்து. நடுவில் கழுவாதவை, பெயின்ட் கம்பெனியிலிருந்து கடைசியாக வந்த லோடு, எல்லாம் நிமிர்ந்து. லாரி உள்ளே வர வழி விடுவதற்காக முந்தின நாள்தான் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி நகர்த்தியிருந்தார்கள். கழுவிய வரிசை முடிகிற மூலையிலேயே கழுவாத கடைசி வரிசை தொடங்கியது. நடுவில் ஓர் ஆள் நுழையக்கூட இடமில்லை.

"எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன். நீங்க கேட்டதுல பாதி," என்றார் பாதிவிலைக்காரர்.

"அடிமாட்டு விலை கேக்காதீங்க. கழுவின டிரம் இது."

"யாரு இல்லன்னா? ஆனா அடி பாக்கணும் அண்ணே. அடியில துரு இருந்தா எனக்குத்தானே நஷ்டம்?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்த இரண்டு ஆட்களும் முன்வரிசையில் இறங்கிவிட்டார்கள். நிமிர்ந்து நின்ற டிரம்களைச் சாய்த்து, புரட்டி, அடியைப் பார்த்தார்கள். பார்த்ததை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். வாய் கீழே, அடி மேலே.

அவள் சின்னவன் பக்கம் நகர்ந்தாள்.

"தம்பி, அவங்க புரட்டினதையெல்லாம் நிமித்தி வெச்சிடுங்க," என்று சின்னவன் காதோடு சொன்னாள்.

"தெரியும் அண்ணி. நானே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பாதிவிலைக்காரர் அடியை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்து, உச்சுக்கொட்டினார். துரு இல்லாத இடத்தில் சொட்டை இருந்தது. சொட்டை இல்லாத இடத்தில் சாயம் உரிந்திருந்தது. இரண்டும் இல்லாத டிரம்மைப் பார்த்து, "இது என்னமோ ரொம்ப நல்லா இருக்கே, எங்க அடிச்சீங்க?" என்றார்.

"கொடுத்துத் தொலைச்சிடுங்கண்ணே," என்று சின்னவன் அண்ணனைத் தனியே இழுத்துச் சொன்னான். "சாயந்தரம் வரைக்கும்தான் டயம். அவருக்கும் அது தெரியும். புல்டோசர் நசுக்கினப்புறம் கௌரவமா பாத்துக்கிட்டு நிப்போமா?"

"நீ ராவும் பகலும் கழுவின டிரம்டா அது. உன் கையப் பாரு. காரம் தின்ன கை. அதுக்கு விலை இல்லையா?"

"என் கைக்கு நான் கேக்கலையே."

"நான் கேக்கறேன்."

சின்னவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அண்ணன்மேல் அவனுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், எதிர்த்துப் பேச முடியாதபடி ஏதாவது சொல்லிவிடுவார்.

அவள் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். தகரக் கூரை போட்ட அறைக்குள் உட்கார்ந்துதான் பேரம் நடந்தது. பாதிவிலைக்காரரின் ஆட்கள் மட்டும் உள்ளே வரவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு வெளியிலேயே நின்றார்கள். அறையிலிருந்து பார்த்தால் யார்டின் முன்பாதிதான் தெரியும்.

பேரம் இழுத்தது. அவர் இறங்க, பாதிவிலைக்காரர் ஏறாமல் நிற்க, போகிறேன் என்று எழுந்திருக்க, வாசல்வரை போய்த் திரும்பி வர, எல்லாம் ஒரு தடவை ஆனது. கடைசியில் பாதிவிலைக்காரரே ஒரு வழி சொன்னார்.

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். கழுவினதையெல்லாம் திறந்த டிரம்மா ஆக்கிக் குடுங்க. தண்ணித் தொட்டிக்குக் கேக்கறாங்க. முக்கால் விலை தர்றேன்."

"மேல்தகட்ட அறுக்கணுமா?"

"மேல வேணாம். அடிய அறுங்க. வாய்ப்பக்கம் கீழ இருந்தா அந்த ஓட்டையிலேயே குழாய் மாட்டிக்கலாம். கவுந்துதானே இருக்கு, நகத்தக்கூட வேணாம். அப்படியே ஒரு சுத்து சுத்திட்டுப் போயிட்டே இருங்க. நான் கழுவாததுல முன்வரிசைய இப்ப ஏத்திட்டுப் போயி எறக்கிட்டு, நாலு மணிக்கு வர்றேன்."

அவர் அவளைப் பார்த்தார். வீட்டில் எந்த விஷயத்துக்கும் அப்படி ஒரு பார்வை பார்ப்பார். அவள் தலையை அசைத்தாள். முக்கால் விலை வந்தால் புது இடத்துக்குக் கூரை போட்டுவிடலாம் என்ற நினைப்புதான் அப்போது மனதில் ஓடியது.

நிமிர்ந்தவற்றில் முன்வரிசையை மட்டும் ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்டது. அதற்கு முன்பே சின்னவன், புரட்டிக் கிடந்தவற்றையெல்லாம் நிமிர்த்திவிட்டான். அவள் கண்ணாலேயே பார்த்தாள். அவன் கைகளைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சது அண்ணி. பாதிவிலைக்குப் பாதி வேலை செய்ய எனக்குத் தெரியாது" என்று சிரித்தான். அதன்பின் தகடு அறுக்கிற மின்சக்கரத்துக்கு உதிரி வாங்க சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான்.

அவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். அறுக்கும்போது இரும்பு போடுகிற கூச்சல் தாங்காது. காதுதானே அவருக்கு முதல்.

"தட்டிப் பாக்கலையா?" என்று அவள் கேட்டாள். எதற்காகக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர் பஞ்சை ஒரு பக்கம் எடுத்து, "என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க."

"நாலு மணிக்குள்ள முடிக்கணும்மா. அந்த ஆளு வந்து நின்னுக்கிட்டு, முடியலன்னா அதுக்கும் ஒரு விலை குறைப்பான்."

பஞ்சை மறுபடி வைத்துக்கொண்டார்.

அவள் அறைக்குள் சாமான்களைக் கட்டினாள். வெளியே சக்கரம் இரைந்தது. ஒரு டிரம் முடிந்தால் இரைச்சல் நிற்கும். அறுபட்ட தகடு தரையில் விழுந்து சிணுங்கும். நாலு எட்டு வைக்கிற ஓசை. மறுபடி இரைச்சல். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாளம் அவளுக்குப் பழகிவிட்டது. தகடு விழுகிற ஓசைக்காகக் காத்திருந்து, விழுந்ததும் அடுத்த மூட்டையைக் கட்டினாள். கழுவிய டிரம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி திறந்துகொண்டு வந்தது. சத்தம் மெல்ல மெல்ல மூலைப் பக்கம் நகர்ந்தது.

இரைச்சல் நின்றது. தகடு விழுந்தது. நாலு எட்டு.

இரைச்சல் தொடங்கியது.

அதன்பிறகு கேட்டதை அவள் சத்தம் என்றே சொல்வதில்லை. சுவர் ஒரு முறை உள்ளே வந்து திரும்பிப் போன மாதிரி இருந்தது என்பாள். கூரைத் தகரம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தது. மேலே இருந்து என்னென்னமோ கொட்டியது. காதுக்குள் ஒரு கம்பி ரீங்கரித்தது. அவள் ஓடினாள். ஓடுகிறோம் என்று தெரிந்தது, கால் தரையில் படுவது கேட்கவில்லை.

மூலையில் புகை இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் புரியவில்லை. புகை கூட இல்லாமல் எல்லாம் முடிந்திருந்தது. பஞ்சு அவருடைய ஒரு காதில் அப்படியே இருந்தது.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்கு முன்பே அவள் கைக்குள் இருந்த அவருடைய கை வேறு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் வந்து சொன்னது, அவளுக்குத் தெரிந்த செய்தியைத்தான்.

சின்னவன் வந்தபோது கையில் உதிரிச் சக்கரப் பொட்டலம் இருந்தது. யார் சொல்லி எப்படி வந்தானோ. நடைவழி பெஞ்சில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தவன், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தான்.

"எல்லாத்தையும் நிமித்தினேன் அண்ணி," என்றான். சற்றுப் பொறுத்து, "நிமித்தினேன்ல?" என்றான்.

பார்த்தேன் என்று அவள் சொல்ல வேண்டும். முன்வரிசையைப் பார்த்தேன். அதற்கு மேல் என்ன பார்த்தாள்?

"ஒண்ண விட்டுட்டேன் போலருக்கு. எப்படி விட்டேன்? சிரிச்சுப் பேசிக்கிட்டே செஞ்சேன் அண்ணி. சிரிச்சுக்கிட்டே..."

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வயதானவர், அதட்டாத ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வெடிச்ச டிரம்முல மூடி அப்படியே இருக்கும்மா. கழுவாத டிரம்முன்னு உங்க பக்கத்துப் பட்டறைக்காரங்க சொல்றாங்க. கழுவாதது எப்படி அந்த வரிசையில வந்துச்சு? அங்க கவுத்து வெச்சது யாரு?"

"நான்தான் சார்," என்றான் சின்னவன்.

அவள் தலை நிமிர்ந்தாள்.

"வேணும்னு வெச்சியா?"

"இல்ல சார். நிமித்தணும். நிமித்தாம விட்டுட்டேன். அண்ணி சொன்னாங்க. சொல்லியும் விட்டுட்டேன்."

போலீஸ்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "காலையில ஸ்டேஷனுக்கு வாப்பா. அங்க நிதானமா சொல்லு. சொன்னத எழுதிக்கிட்டா அப்புறம் மாத்த முடியாது, பாத்துக்க," என்றுவிட்டுப் போனார்.

சின்னவன் பொட்டலத்தைப் பிரித்தான். புத்தம் புதுச் சக்கரம். மறுபடி சுற்றினான். மறுபடி பிரித்தான். இந்தப் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. இன்று ஒருவர் போனது போதாதா?

அப்போதுதான் அவள் பைக்குள் அவருடைய போன் அடித்தது. யாரோ எடுத்து அவளிடம் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி விரிசல் விட்டுக் கிடந்தாலும் பெயர் படிக்க முடிந்தது. 'பாதி' என்று போட்டு வைத்திருந்தார்.

எழுந்து ஜன்னல் பக்கம் போய் எடுத்தாள்.

"அம்மா... நான்தான்மா பேசறேன். நாலு மணிக்கு லாரியோட வந்தேன். கேட்டுல ஆளுங்க சொன்னாங்க." குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. "என்னம்மா இது, என்னால தாங்க முடியலம்மா. காலையில என்கூடச் சிரிச்சுப் பேசின மனுஷன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இந்த நேரத்துல சொல்லக்கூடாது. ஆனா இடத்துக்காரர் இங்கதான் நிக்கிறாரு. புல்டோசர் வந்தாச்சு. மிச்சம் இருக்கற டிரம்மையாவது நான் எடுத்துக்கறேன்மா. உங்களுக்கும் நாலு காசு வேணுமில்ல? நஷ்டம் எனக்குத்தான், பரவால்ல. நீங்க தேநீர் குடுத்தப்போ நம்ம பசங்க சும்மா நிக்காம, பின்னாடி மூலையில இருந்த கடைசி வரிசையையும் கவுத்துப் பாத்திருக்கானுங்க. ரெண்டு மூணு டிரம்முல அடி தேஞ்சு போயிருக்காம். நான் அதெல்லாம் பேசவே இல்ல பாருங்க."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த வரிசை?" என்றாள்.

"அதான்மா, மூலையில. சுவரோரம் கவுந்திருக்கே, அதை ஒட்டினாப்பல. கவுத்துப் பாத்துட்டு அப்படியே வெச்சுட்டானுங்க. ஏன்மா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நடைவழியின் கடைசியில் சின்னவன், யாரோ அடித்துப் போட்டவன் மாதிரி சுவரில் தலையைச் சாய்த்திருந்தான். அவன் கண் அவளைப் பார்த்தது. போனில் யார் என்று கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. எதிர்முனையில் இருந்தவருக்கோ, தான் என்ன சொன்னோம் என்றே தெரியாது. தெரிந்துவிட்டால், இன்னொரு முறை அதைச் சொல்வாரா?

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? விலையப் பத்திக் கவலைப்படாதீங்க. செத்த வீட்டுல பேரம் பேசற ஆளு நான் இல்ல. ஒரு பைசா குறைக்க மாட்டேன். காலையில வந்ததும் அண்ணன்கிட்ட என்ன சொன்னனோ, அதான்."

பாதி.